சித்திரத் துணியின் கரை

சித்தூரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவழி புத்தலப்பட்டை அடைந்ததும் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை பீலேர், ராயச்சோட்டி ஆகிய ஊர்களின் வழியே கடப்பைக்குச் செல்கின்றது. மற்றொரு கிளை திருப்பதியை அடைந்து, அங்கிருந்து காளத்தியைக் கடந்து, நாயுடுபேட்டை வரை நீள்கின்றது. இரண்டாம் வழியே சென்றால், கண்ணப்பர் கண்ணை இடந்து அப்பிய திருக்காளத்தியை நாம் அடைவோம். 1911ஆம் ஆண்டில் தோன்றிய சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. 2022ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. காளத்தியும் அதனுள் அடங்கிற்று. ஆட்சி எல்லைகள் பலமுறை மாறிய இந்நிலப்பகுதியில், தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சூழலில், மாறாது நின்று வந்த கலை ஒன்று உண்டு. துணியில் சித்திரம் எழுதும் கலையே அது.

கலம்காரி என்று அதனை இன்று உலகம் அழைக்கின்றது. தெலுங்கு நாட்டார் அதனை ‘வ்ராதபனி’ என்பர். எழுத்து வேலை என்பது அதன் பொருள். தமிழிலும் ஓவியத்தை ‘எழுதுதல்’ என்றே நம் முன்னோர் கூறினர். காளத்திச் சித்திரத் துணியின் அழகைப் பற்றிப் பலர் பேசியிருக்கின்றனர். பட்டாபிடேகம், பாரதப் போர் முதலிய காட்சிகள் எளிதில் நம் கண்ணைக் கவர்கின்றன. ஆனால் அத்துணியின் ஓரத்தைப் பற்றி ஆராய்ந்தவர் சிலரே. ஓர் ஓவியத் துணி யாருக்காக எழுதப்பட்டது, எவ்விடத்தில் தொங்கிற்று, யார் கைக்கு மாறிற்று என்னும் வினாக்களுக்கு நடுவிலுள்ள உருவங்கள் விடை கூறுவதினும், ஓரம் தெளிவாக விடை கூறுவதை நாம் காணலாம்.

ஓரத்திற்குத் தமிழில் ‘கரை’ என்னும் அழகிய பெயர் உண்டு. ஆற்றுக்கும் கரை, ஆடைக்கும் கரை. ஆற்றுநீரைக் கரை கட்டுப்படுத்துவது போல, ஊடை நூலை ஆடையின் கரை கட்டுப்படுத்துகின்றது. தறியில் ஊடை திரும்பும் இருபக்கமும் இயல்பாகவே உறுதி பெற்று விடுகின்றன. அறுத்து எடுக்கப்படும் ஏனைய இரு பக்கங்களிலோ நூல் பிரிந்து பிசிறு தோன்றும். ஆகவே, துணியில் எழுதும் எந்த ஓவியனும் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் ஓரத்தைப் பற்றியதே. மரப்பலகைக்கும் சுவருக்கும் இல்லாத சிக்கல் இது.

காளத்தி ஓவியர் இச்சிக்கலைத் தீர்த்த முறையை அறிய, அவர்தம் தொழில்முறையைச் சிறிது காண வேண்டும். வெளுக்காத காடாத் துணியைத் தூய நீரில் அலசிக் கஞ்சியைப் போக்குவர். பின்னர்க் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து வெயிலில் உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பற்றுவதற்கு உதவுகின்றது. பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கின்றது. புளியங்குச்சியை எரித்த கரியால் உருவத்தின் குறிப்பை வரைவர். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் ஊற வைத்துப் பெறும் கருநீரே அவர்களது மை. மூங்கிற் குச்சியின் நுனிக்குச் சற்று மேலே கம்பளியைச் சுற்றி நூலால் கட்டினால் அது எழுதுகோலாகின்றது. கம்பளி மையை உறிஞ்சி வைத்துக் கொள்ள, ஓவியர் அதனை விரலால் மெல்ல அழுத்தி எழுதிச் செல்வர். சிவப்பு வர வேண்டிய இடங்களில் படிகார நீரைப் பூசிச் சாய வேர்களோடு கொதிக்க வைப்பர். ஒவ்வொரு நிறத்திற்கும் பின் ஓடும் நீரில் துணியை அலச வேண்டும். பொன்முகலி என்று தமிழ் நூல்கள் போற்றும் சுவர்ணமுகி ஆறு இத்தொழிலுக்குத் துணை நின்றதன் காரணம் இதுவேயாகும்.

இம்முறையில் நாம் கருத வேண்டிய உண்மை ஒன்று உண்டு. இங்கே நிறம் துணியின் மேல் படிந்து நிற்பதில்லை; நூலுக்குள் புகுந்து விடுகின்றது. எனவே துணி துணியாகவே இருக்கின்றது. அதனைச் சுருட்டலாம், மடிக்கலாம், தொங்கவிடலாம். சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டிய தேவையே இல்லை. சட்டம் இல்லாத ஓவியத்திற்குச் சட்டத்தின் வேலையைச் செய்வது எது? எழுதப்பட்ட கரையே அவ்வேலையைச் செய்தது.

காளத்தியின் பழைய கோயில் திரைகளில் நடுவே பெரிய கட்டம் ஒன்று இருக்கும். அதனைச் சூழ வரிசை வரிசையாகச் சிறு கட்டங்களில் கதை நிகழ்ச்சிகள் இடம் பெறும். அவற்றின் தலைப்பில் தெலுங்கில் விளக்கம் எழுதப்பட்டிருக்கும். இவை அனைத்தையும் கொடியும் பூவும் கொண்ட கரை நாற்புறமும் அணைத்து நிற்கும். கோயிலுக்கு மதில் எவ்வாறோ, திரைக்குக் கரை அவ்வாறு. திரையைத் தொங்கவிடும்போது இழுபடுவதும் தரையில் உரசித் தேய்வதும் ஓரமே. உருவங்கள் உள்ளே பாதுகாப்பாக இருந்தன. அழகும் பயனும் ஒன்றாகிய இடம் அது.

தமிழ்நாட்டிலும் இதற்கு உறவான மரபு உண்டு. கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில் விதானங்களும், தேரிலும் மண்டபத்திலும் உருளை வடிவில் தொங்கும் தொம்பைகளும், வாயிலை அணி செய்யும் வாசமாலைகளும் இம்முறையில் எழுதப்பட்டு வந்தன. கருப்பூர்க் கலம்காரி என்னும் பெயரால் இம்மரபு 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. தொம்பையின் ஓரம் வட்டமாகத் தைக்கப்படுவது. விதானத்தின் ஓரம் நாற்புறமும் கட்டப்படுவது. வாசமாலையின் ஓரம் கீழே காற்றில் ஆடுவது. ஒவ்வொன்றிற்கும் கரையின் அமைப்பு வேறுபடுதல் இயல்பேயன்றோ? ஓரத்தை நோக்கினாலே இது எங்குத் தொங்கிய துணி என்பதை ஓரளவு உய்த்துணரலாம்.

இனிக் கோயிலை விட்டுத் துறைமுகத்திற்கு வருவோம். சோழமண்டலக் கடற்கரையின் சித்திரத் துணிகள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் உலகச் சந்தையை ஆண்டன. அந்நாளில் கரையே துணியின் முகவரியாக விளங்கிற்று. இந்தோனேசியத் தீவுகளுக்கு அனுப்பிய துணிகளின் இரு முனைகளிலும் நெடிய முக்கோணங்களை வரிசையாக எழுதினர்; அந்நாட்டார் உடுக்கும் முறைக்கு அதுவே ஏற்றது. ஐரோப்பாவிற்கு அனுப்பிய கட்டில் விரிப்புகளில், நடுவே பூத்த மரம் ஒன்றை எழுதி, நாற்புறமும் அகன்ற பூங்கரை அமைத்தனர். 1602இல் தோன்றிய டச்சு வணிகக் கழகம் தன் எழுத்து முத்திரையைத் துணிகளில் குத்திற்று. சுலவேசித் தீவின் தொராஜா மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த நம் நாட்டுத் துணிகள் சிலவற்றில் அம்முத்திரையை இன்றும் காணலாம். கடல் கடந்த ஒரு துணி எந்நாட்டுச் சந்தைக்காக எழுதப்பட்டது, யார் கப்பலில் சென்றது என்பவற்றை ஆராய்வோர்க்குக் கரையின் அமைப்பும் இத்தகைய முத்திரையும் கையொப்பமிட்ட சான்றுகளாகும்.

இத்துணிகளின் பெருமையே அவற்றிற்குப் பகையாயிற்று. தம் நாட்டு நெசவாளர் நலியாதிருக்கப் பிரெஞ்சு அரசு 1686 முதல் 1759 வரை இவற்றைத் தடை செய்தது. இங்கிலாந்து 1701இலும் 1721இலும் சட்டங்கள் இயற்றிற்று. பின்னர் அங்குத் தோன்றிய எந்திர அச்சுத் துணிகள் நம் சந்தையையே நிறைத்தன. எனினும், கோயிலை நம்பியிருந்த காளத்தி முற்றிலும் வீழ்ந்து விடவில்லை. சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராயிருந்த ஹாடவே என்பவர், சென்னை மாகாணத்தின் பருத்தித் துணி ஓவியத்தைப் பற்றி 1917இல் வெளியிட்ட நூலில் காளத்தியின் தொழிலையும் பதிவு செய்துள்ளார்.

இதற்கிடையே வேறொரு துணி ஓவியம் நம் நாட்டில் கால் கொண்டது. அது கித்தானில் எழுதும் எண்ணெய் வண்ண ஓவியம். கப்பற்பாய்த் துணி எளிதில் கிடைத்த வெனிஸ் நகரில் 16ஆம் நூற்றாண்டில் அது பெருவழக்காயிற்று. இங்கே ரவிவர்மா அதனைக் கையாண்டு, 1873ஆம் ஆண்டுச் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் தொகுப்பில் அவருடைய ஓவியங்கள் உள்ளன.

கித்தானின் இயல்பு முற்றிலும் வேறு. அதன்மேல் பசை பூசி, வெள்ளைப் பூச்சிட்டு, அதற்கும் மேலே எண்ணெய் வண்ணம் தீட்டுகின்றனர். துணி தளர்ந்தால் வண்ணம் வெடிக்கும். ஆதலால் மரச்சட்டத்தில் இழுத்து, ஓரத்தை மடக்கி, வரிசையாக ஆணி அடிக்கின்றனர். மூலைகளில் ஆப்பு வைத்து இறுக்குவதும் உண்டு. ஆணி தைத்த ஓரம் காண்பதற்கு இனியதன்று. எனவே பொன்முலாம் பூசிய வெளிச்சட்டம் அதனை மறைத்தது. பிற்காலத்தவர் வெளிச்சட்டத்தை நீக்கி, பக்கங்களிலும் வண்ணம் தொடருமாறு தீட்டினர். ஆணியைப் பின்புறம் கொண்டு சென்றனர். காளத்தியில் ஓரம் காட்டப்படுவது. கித்தானில் ஓரம் மறைக்கப்படுவது. இரண்டும் அவ்வத்துணியின் தேவையிலிருந்து பிறந்தவையே. ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று நாம் கூறவில்லை.

மறைந்து கிடந்தாலும் கித்தானின் ஓரமும் வரலாறு அறிந்ததே. ஆணி இழுத்த இடங்களில் நூல் வளைந்து அலை போலக் காணப்படும். அவ்வலை ஒரு பக்கத்தில் இல்லையெனில், அப்பக்கம் வெட்டப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர் ஐயுறுவர். ஹாலந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்ட் 1642இல் எழுதி முடித்த ‘இரவுக் காவல்’ என்னும் பேரோவியத்தை நேயர்கள் பலர் அறிந்திருக்கக் கூடும். 1715இல் ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்திற்கு அதனைக் கொண்டு சென்றபோது, குறித்த சுவரில் அது அடங்கவில்லை. நாற்புறமும் வெட்டினர்! இடப்பக்கம் நின்ற இருவர் மறைந்து போயினர். வெட்டிய துண்டுகள் இன்றுவரை கிடைத்தில. வெட்டுவதற்கு முன் வேறொருவர் எழுதி வைத்த சிறிய படி ஒன்று எஞ்சியிருந்ததால், முழு ஓவியத்தின் அமைப்பை 2021இல் கணிப்பொறியின் துணையால் ஒருவாறு மீட்டுக் காட்டினர்.

நம் சித்திரத் துணிகள் பலவற்றிற்கு அத்தகைய படி ஏதும் இல்லை. ஆகவே, நாம் இழக்கும் ஓரம் மீளாத இழப்பாகும்.

இவ்வச்சத்திற்குக் காரணம் உண்டு. 1952இல் அமைந்த அகில இந்தியக் கைத்தொழில் வாரியமும், கமலாதேவி சட்டோபாத்யாய் போன்றோர் ஆர்வமும் காளத்திக் கலைக்குப் புத்துயிர் அளித்தன. 1950களின் பிற்பகுதியில் அங்குப் பயிற்சி நிலையம் தோன்றிற்று. அம்மரபில் சிறந்த ஜெ. குரப்பச் செட்டி 2008இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கலை பிழைத்தது, ஆனால் அது தொங்கும் இடம் மாறிற்று. கோயில் மண்டபத்தை விட்டு வீட்டுக் கூடத்திற்கும் அலுவலகச் சுவருக்கும் வந்தது. கண்ணாடிச் சட்டத்தின் அளவிற்குள் அடக்க வேண்டும் என்னும் எண்ணம் எழுந்தது. கித்தானுக்கு உரிய முறையைக் காளத்தித் துணிக்கும் சிலர் செய்யத் தலைப்பட்டனர். கரையை மடக்கி ஆணி அடிப்பதும், மிஞ்சியதைக் கத்தரிப்பதும், அட்டையில் பசையிட்டு ஒட்டுவதும் அதன் விளைவுகள்.

இதனால் அழகு குறைவது மட்டும் அன்று. துணியின் உயிரே குறைகின்றது. இரும்பும் கடுக்காயும் கூடி உண்டாகிய கருமை, காலப்போக்கில் பருத்தி நூலை அரிக்கும் இயல்பு உடையது. பழைய துணிகளில் கறுப்புக் கோடு சென்ற வழியே துணி இற்றுப் போயிருப்பதைக் காணலாம். அத்தகைய துணியை ஆணியால் இழுத்தால், முதலில் கிழிவது அக்கோட்டின் வழியேதான்.

செய்ய வேண்டியது எளிது. ஓவியர் கரைக்கு வெளியே நான்கு விரல் அகலம் வெறுந்துணி விட்டு எழுதுவாராயின், ஓரம் அடிப்பதற்கும் தொங்கவிடுவதற்கும் அதுவே போதும். சட்டத்தில் அமைக்க விரும்புவோர் முதலில் வேறு பருத்தித் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன்மேல் ஓவியத் துணியைப் பரப்பி, மெல்லிய நூலால் தளர்வாகத் தைத்துக் கொள்ளலாம். இழுவிசையைப் பின்துணி தாங்கிக் கொள்ளும், ஓவியம் இளைப்பாறும். பழந்துணியாயின் பிசிறையும் வெட்டுதல் கூடாது. நூல் பிரியாதவாறு மெல்லிய துணியால் அணைத்துத் தைத்தலே தக்கது. கண்ணாடி துணியைத் தொடாதவாறு இடைவெளி விட வேண்டும். சட்டம் சிறியதாயிருந்தால் சட்டத்தை மாற்றலாமேயன்றித் துணியை மாற்றுதல் தகாது.

காளத்திக் கலம்காரி 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்று, சட்டத்தின் காப்பை அடைந்தது. பெயரைக் காத்த சட்டம் கரையைக் காக்க இயலாது. அக்கடமை துணியை வாங்குவோர்க்கும், சட்டம் கட்டும் தச்சர்க்கும், பழந்திரைகளைப் பெட்டியில் வைத்திருக்கும் கோயில்களுக்கும் குடும்பங்களுக்கும் உரியது. நம் வீட்டில் அத்தகைய துணி ஒன்று இருக்குமாயின், அதனை ஒருமுறை விரித்து நாற்புறமும் நோக்குவோம். தையலின் துளை, கட்டிய கயிற்றின் தழும்பு, மங்கிய முத்திரை, விளக்கெண்ணெயின் கறை ஆகிய எதுவும் அங்கே இருக்கலாம். அவற்றை அழுக்கென்று கருதாமல், எழுத்தென்று கருதிக் காப்பது நம் கடன்.