நெகடிவின் அளவு



நிழற்படக் கலையின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் காமிராவைப் பற்றியும் லென்ஸைப் பற்றியுமே விரித்துரைப்பர். ஒளி வந்து பதியும் நெகடிவின் அளவைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும், காமிராவின் உருவம், எடை, படத்தின் தெளிவு, அதற்காகும் செலவு ஆகிய அனைத்தையும் வரையறுப்பதில் அவ்வளவிற்குப் பெரும் பங்குண்டு. அது எவ்வாறு மாறி வந்தது என்பதை இன்று நோக்குவோம்.

1888ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜார்ஜ் ஈஸ்ட்மன், 100 படங்கள் எடுக்கக்கூடிய சுருளுடன் கோடக் காமிராவை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதன் விலை 25 டாலர். எளிய மக்களின் கைக்கு எட்டாத விலை. 1900ஆம் ஆண்டில் அவருடைய நிறுவனம் ‘பிரௌனி’ என்னும் பெட்டிக் காமிராவை ஒரே டாலருக்கு விற்றது. அடுத்த ஆண்டு, அதாவது 1901இல், இரண்டாம் எண் பிரௌனிக்காக 120 என்னும் எண்ணுடைய படச்சுருள் பிறந்தது. ஒரு சுருளில் 6×9 சென்டிமீட்டர் அளவில் 8 படங்கள் எடுக்கலாம்.

அவ்வளவு பெரிய நெகடிவ் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். படத்தைப் பெரிதாக்கும் கருவி அந்நாளில் சாதாரண மக்களிடம் இல்லை. நெகடிவை ஒளியுணர் தாளின்மேல் வைத்து அழுத்தி, வெளிச்சம் காட்டிப் பிரதி எடுத்தனர். ஆகவே, நெகடிவ் எவ்வளவோ படமும் அவ்வளவே!

1925ஆம் ஆண்டில் இம்முறைக்கு ஒரு போட்டி தோன்றியது. ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த லைகா காமிரா, சினிமாச் சுருளில் 24×36 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு நெகடிவை எடுத்தது; பைக்குள் அடங்கியது. ஆனால், அதன் நெகடிவைப் பெரிதாக்கியே தீரவேண்டும். 24 மில்லிமீட்டர்ப் பக்கத்தை 20 சென்டிமீட்டர் ஆக்குவதற்கு 8 மடங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டும். 120 சுருளின் நெகடிவில் அப்பக்கம் 56 மில்லிமீட்டர். ஏறத்தாழ மூன்றரை மடங்கே போதும். பெரிதாக்கப் பெரிதாக்க, படத்திலுள்ள வெள்ளித் துகள்கள் கண்ணுக்குப் புலனாகித் தெளிவு குன்றும். சுமையைக் குறைத்தால் தெளிவு குறைகிறது. தெளிவை நாடினால் சுமை கூடுகிறது.

இவ்விரண்டிற்கும் நடுவே நின்றது, 1929ஆம் ஆண்டில் பிராங்கே, ஹைடெக்கே என்னும் இருவரின் ஜெர்மானிய நிறுவனம் வெளியிட்ட ரோலைபிளெக்ஸ். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு. கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. காமிராவை மார்பருகே பிடித்துக் குனிந்து பார்க்கவேண்டியிருந்தமையால், அதைப் பக்கவாட்டில் சாய்ப்பது எளிதன்று. எனவே நெகடிவைச் சதுரமாகவே அமைத்தனர். பின்னர் 120 சுருளில் 12 சதுரப் படங்கள் எடுப்பது பரவலாயிற்று. நம் நாட்டின் ஹோமாய் வியாரவாலாவும் ரோலைபிளெக்ஸைக் கையாண்டார். நம் இல்லங்களில் பலர் பயன்படுத்திய ஆக்ஃபா கிளிக் 3 காமிராவும் சதுரப் படமே எடுத்தது.

சதுரத்திற்கும் ஒரு குறையுண்டு. படத்தாள் நீள்சதுரமாக இருப்பின் நெகடிவின் ஒரு பகுதி வீணாகும். ஆதலின், சிலர் 6×4.5 அளவை விரும்பினர். படங்களின் எண்ணிக்கை 15 அல்லது 16 ஆயிற்று. சிலர் 6×7 அளவை நாடினர். எண்ணிக்கை 10ஆகக் குறைந்தது. 1970ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த மாமியா ஆர்.பி. 67 காமிராவின் எடை லென்ஸுடன் 2 கிலோகிராமுக்கு மேல். அதைச் சாய்ப்பது கடினமென்று கருதி, பின்பகுதியை மட்டும் சுழற்றும்படி அமைத்தனர்.

இவ்வளவு மாறுதலுக்கும் இடங்கொடுத்தது ஒரே 120 சுருள் என்பதை எண்ணிப் பாருங்கள். அதன் அகலம் நிலையானது. படத்தின் நீளத்தையோ காமிராவே முடிவு செய்யலாம். அதே படலத்தை மெலிந்த உருளையில் சுற்றி விற்ற 620 சுருளின் உற்பத்தி 1995இல் நின்றது. 120 சுருளோ நூற்றாண்டைக் கடந்து இன்றும் உற்பத்தியாகிறது. ஆகவே, காமிராவைத் தேர்வோர் முதலில் அதற்குரிய சுருள் கிடைக்குமா என்று வினவவேண்டும். அடுத்து, படம் எவ்வளவு பெரிதாக வேண்டும், எத்தனை படங்கள் வேண்டும், எவ்வளவு எடையைச் சுமக்க இயலும் என்று எண்ணவேண்டும்.

1969ஆம் ஆண்டு ஜூலையில் அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் சந்திரனில் இறங்கியபோது, சுவீடன் நாட்டு ஹாசல்பிளாட் காமிராவைக் கொண்டு சென்றனர். 70 மில்லிமீட்டர் அகலச் சுருளில் சதுரப் படங்கள் எடுத்தனர். திரும்புகையில் எடையைக் குறைப்பதற்காக, சந்திரத் தரையில் படமெடுத்த காமிராவை அங்கேயே விட்டனர். சுருள் இருந்த உறையை மட்டும் கொணர்ந்தனர். விலையுயர்ந்த கருவி எது, விலைமதிப்பற்ற பொருள் எது என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை.

இந்தத் தெளிவு நமக்கும் வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய நெகடிவுகள் கிடக்கலாம். அவற்றினின்று அன்று எடுத்த பிரதிகள் உள்ளங்கையளவே இருந்திருக்கும். நல்ல லென்ஸினால் பதிவான நெகடிவாயின், அச்சிறு பிரதியில் கண்ணுக்குத் தெரியாத முகங்களும் எழுத்துகளும் அதில் உறங்கிக் கொண்டிருக்கும். பிரதி இருக்கிறதே என்று நெகடிவை எறிந்துவிடாதீர்கள். ஈரமும் வெப்பமும் அணுகாமல் தாளுறையில் இட்டு, ஆண்டையும் இடத்தையும் உறையின்மேல் குறித்து வையுங்கள். நாளைய வரலாற்றாசிரியனுக்கு நீங்கள் செய்யும் பேருதவி அதுவேயாகும்.