படியேறி வந்த பால்

மத்தியதரைக் கடலில் சிசிலிக்குத் தெற்கே இருக்கும் மால்டா தீவுகளின் மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர்தான். சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய மண் படிந்த நிலம் அது. மாட்டுக்குப் போதிய மேய்ச்சல் கிடையாது. ஆகவே நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே பால் என்றாலே ஆட்டுப்பால்தான். இரண்டு லட்சம் பேர் வாழ்ந்த தீவில் ஏறக்குறைய 20,000 ஆடுகள் இருந்தன.

காலையில் ஆட்டுக்காரர்கள் தங்கள் மந்தையைத் தலைநகர் வலெட்டாவுக்குள் ஓட்டி வருவார்கள். மடி கனத்துத் தரையைத் தொடுமளவு தொங்கும். வீட்டுப் பெண்கள் பாத்திரத்தோடு வாசலுக்கு வருவார்கள். ஆட்டுக்காரர் அங்கேயே குந்தி உட்கார்ந்து, கேட்ட அளவைக் கறந்து கொடுத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போவார். மாடியில் குடியிருப்பவர்களுக்கு ஆடே படியேறிப் போகும். வலெட்டாவின் தெருக்களில் பல வெறும் படிக்கட்டுகள்தான். ஆடுகளுக்கு அது பெரிய வேலை இல்லை. பால் வாங்கியவர்களுக்கு இந்த முறையில் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. கண்ணெதிரே கறக்கும் பாலில் தண்ணீர் கலக்க முடியாதே! மிஞ்சிய பாலை உறையவைத்து, சிறு கூடைகளில் வடித்து 'ஜ்பெய்னா' என்ற வட்டப் பாலாடைக்கட்டி செய்தார்கள். மால்டாவின் உணவு மேசையில் அது இன்றும் இருக்கிறது.

அதே தீவில் ஒரு காய்ச்சலும் இருந்தது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், மூட்டுகள் வலிக்கும், இரவில் வியர்வை கொட்டும். ஆளை அவ்வளவாகக் கொல்லாது, ஆனால் மாதக்கணக்கில் படுக்கையில் போடும். ஊர்ப் பெயரே நோய்க்கு ஒட்டிக்கொண்டு, 'மால்டா காய்ச்சல்' ஆனது. அங்கே முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் படையில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் விழுந்தார்கள். 1887-இல் ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ், இறந்த சிப்பாய் ஒருவரின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்துக் காட்டினார். புரூசெல்லா என்று இன்று நாம் சொல்வது அவர் பெயரால்தான். கிருமி கிடைத்ததே தவிர, அது மனிதனுக்குள் எப்படிப் போகிறது என்று தெரியவில்லை. கெட்ட காற்று, சாக்கடை, கொசு என்று பலவற்றையும் சந்தேகித்தார்கள். வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு அங்கேயே இந்தக் காய்ச்சல் வந்ததுதான் பெரும் புதிர். நோயாளிகளுக்குத் தெம்புக்காகக் கொடுத்தது என்ன? ஆட்டுப்பால்.

1904-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் மேற்பார்வையில் ஓர் ஆய்வுக் குழு மால்டாவுக்கு வந்தது. மால்டாக்காரரான மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் ஜமிட் அதில் இருந்தார். 1905 ஜூனில், சோதனைக்காக வாங்கிய ஆடுகளின் ரத்தத்தை அவர் பார்த்தபோது, நோய்க் கிருமி பட்டதற்கான அடையாளம் ஏற்கெனவே அதில் இருந்தது. ஆடுகளோ நன்றாக மேய்ந்தன, நன்றாகக் கறந்தன. தீவெங்கும் தேடியபோது ஆடுகளில் சுமார் பாதியின் ரத்தம் அதே அடையாளத்தைக் காட்டியது. பத்தில் ஒன்றின் பாலிலேயே கிருமி இறங்கிக்கொண்டிருந்தது. நோய் தெரியாத ஆடு நோயைச் சுமக்கும் என்று அன்று எதிர்பார்த்தவர் மிகச் சிலர். இந்தக் கதையில் மிகப் பெரிய பாராட்டு ஜமிட்டுக்கே உரியது.

ஆட்டுப்பாலால் நோய் வருகிறது என்பதற்கு அதே ஆண்டு கடலிலேயே ஒரு சாட்சி கிடைத்தது. அமெரிக்காவுக்காக வாங்கிய அறுபதுக்கு மேற்பட்ட மால்டா ஆடுகள் 'ஜோஷுவா நிக்கல்சன்' கப்பலில் ஏறின. வழியில் மாலுமிகள் பச்சைப்பால் குடித்தார்கள். அவர்களில் பலர் காய்ச்சலில் விழுந்தார்கள்.

1906-இல் படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. முந்தைய ஆண்டில் 643 பேரைப் படுக்க வைத்த காய்ச்சல் அந்த ஆண்டில் 161 ஆகி, விரைவில் படையிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போனது.

ஊர் மக்களுக்கு அப்படி நடக்கவில்லை. சிப்பாய்க்கு வேறு பால் வாங்கித் தர அரசிடம் பணம் இருந்தது. வலெட்டாவின் ஏழைக் குடும்பத்துக்கு வாசலில் வந்து நிற்கும் ஆட்டை விட்டால் பாலுக்கு வேறு வழியில்லை. காய்ச்சிக் குடியுங்கள் என்று சொன்னார்கள். கறந்த சூட்டிலேயே குடித்துப் பழகியவர்கள் அதை எளிதில் ஏற்கவில்லை. ஆட்டுக்காரர்களும் எதிர்த்தார்கள், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கொழுகொழுவென்று நிற்கும் ஆட்டைக் காட்டி 'இதில் நோய் இருக்கிறது' என்றால், அதை வைத்தே பிழைப்பவர் எப்படி நம்புவார்? பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் நிலையம் 1938-இல்தான் வந்தது. அதன் பிறகே மந்தைகள் படிப்படியாகத் தெருவை விட்டுப் போயின. உண்மை தெரிந்தும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மால்டா மக்களைக் காத்திருக்க வைத்தது, அன்றைய ஆட்சியின் பெரும் குற்றம்.

நோய் இன்னும் ஒழியவில்லை. பச்சைப்பாலில் செய்த ஜ்பெய்னாவால் 1995-இல் மால்டாவிலேயே அது மீண்டும் பரவியது. நம் ஊர்களில் மாடுகளுக்கு வரும் இதைக் கன்று வீச்சு நோய் என்கிறார்கள். ஆடுகளையும் அது விடுவதில்லை. ஆடு வளர்ப்பவர்கள் இரண்டு காரியங்களை விடாமல் செய்யுங்கள்: பாலைப் பொங்கக் காய்ச்சியே குடியுங்கள்; குறைமாதத்தில் குட்டி போட்ட ஆட்டையும் அதன் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.