கழிக்கப்படாத பழைய பாக்கி

நாம் தினமும் நம்பும் இணையப் பூட்டின் கதை இது. 1990-களில் அமெரிக்க அரசு, வெளிநாட்டுக்கு விற்கும் மென்பொருளில் ஆர்.எஸ்.ஏ. சாவி 512 பிட்டைத் தாண்டக் கூடாது என்றது. வேண்டுமென்றே மட்டமான பூட்டு! 2000-இல் விதி தளர்ந்தது. பூட்டோ சர்வர்களிலும் நிரல்களிலும் தங்கிவிட்டது. கணக்கரான எனக்கு, கழிக்காமல் வருடா வருடம் தூக்கிவரும் சஸ்பென்ஸ் கணக்குதான் நினைவுக்கு வருகிறது.

பிரான்சின் இன்ரியா ஆய்வகத்தில் கார்த்திகேயன் பார்கவன் குழுவினர், மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, நிரலர்கள் எடுத்தாளும் குறியாக்க நூலகங்களுக்குச் செய்திகளை வரிசை மாற்றி அனுப்பிச் சோதித்தார்கள். ஓப்பன் எஸ்.எஸ்.எல். நூலகம், தான் கேட்காமலேயே வந்த 512 பிட் சாவியையும் ஏற்றுக்கொண்டது! இடையில் புகுந்தவன் அதைச் சுமார் 100 டாலர் வாடகைக் கணினியில் உடைத்துவிடலாம். திருத்தம் 2015 ஜனவரியில் வந்தது. மார்ச்சில் ‘ஃப்ரீக்’ என்று பெயரிட்டு வெளியிட்டபோது, அவர்கள் செய்துகாட்ட எடுத்துக்கொண்டது எதைத் தெரியுமா? அந்தக் கட்டுப்பாட்டுக்காக வாதாடிய என்.எஸ்.ஏ. உளவு அமைப்பின் இணையதளத்தையே.