பட்டணத்துக் கைதிக்கு இல்லாத அப்பீல்

1908-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ராஜத்துரோகக் குற்றத்துக்காக இரு பெருந்தலைவர்கள் தண்டிக்கப்பட்டனர். 7-ஆம் தேதி திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு ஆயுள்பரியந்தம் தீவாந்தர சிட்சை விதித்தார். 22-ஆம் தேதி பம்பாய் ஹைகோர்ட் செஷன்ஸில் நீதிபதி தாவர், ஜூரிகள் ஒன்பதின்மரில் எழுவரின் அபிப்பிராயத்தை ஏற்று, பால கங்காதர திலகருக்கு ஆறாண்டு தீவாந்தரம் விதித்தார். பிள்ளையவர்கள் சென்னை ஹைகோர்ட்டுக்கு அப்பீல் செய்துகொண்டார். தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட்டும் நீதிபதி மில்லரும் நவம்பர் 4-ஆம் தேதி அளித்த தீர்ப்பில் தண்டனை ஆறாண்டாக இறங்கிற்று. திலகருக்கோ, சாட்சியத்தை மறுபடியும் சீர்தூக்கிப் பாருங்கள் என்று எவரிடமும் முறையிடச் சட்டத்தில் இடமிருக்கவில்லை.

ராஜதானியின் தலைநகரில், உயர்ந்த நீதிபதியின் முன்னிலையில் விசாரிக்கப்பட்டவனுக்கு, எங்கோ ஒரு ஜில்லாக் கச்சேரியில் விசாரிக்கப்பட்டவனைக் காட்டிலும் உரிமை குறைந்திருந்த இந்த விபரீதம், இரண்டு நீதி பரிபாலன முறைகள் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்ததன் பலனாகும். சென்னைப் பட்டணத்தில் 1801-இல் ஏற்பட்ட சுப்ரீம் கோர்ட் இங்கிலாந்தின் சட்டத்தையும் ஜூரி முறையையும் பின்பற்றியது; வெளி ஜில்லாக்களில் கம்பெனியார் அமைத்த நியாயஸ்தலங்களுக்கு மேலே பௌஜ்தாரி அதாலத் இருந்து, மரண தண்டனைகளைத் தன் சம்மதமின்றி நிறைவேறவொட்டாமல் காத்தது. 1861-ஆம் வருஷத்துக் குற்ற விசாரணைச் சட்டம் ஜில்லாக் கைதிகளின் அப்பீலை உரிமையாகவே வகுத்தது. மறு வருஷம் இரண்டு ஸ்தாபனங்களும் ஹைகோர்ட்டில் ஐக்கியமாயின. ஆனால் இரண்டின் வழக்கங்களும் ஐக்கியமாகவில்லை.

1898-ஆம் ஆண்டின் குற்ற விசாரணைச் சட்டப்படி ஜில்லாவில் அசெஸர்களைக் கொண்டு விசாரிக்கப்பட்டவன், சட்ட விஷயமாயினும் சாட்சிய விஷயமாயினும் ஹைகோர்ட்டில் எடுத்துரைக்க முடிந்தது. அவன் வக்கீல் வைக்க வகையற்றவனானாலும், மனுவைச் சிறை அதிகாரியிடம் கொடுத்தால் அவரே அதை மேலே அனுப்பவேண்டியிருந்தது. மற்றத் தண்டனைகளுக்கு ஹைகோர்ட் அப்பீலுக்கு அறுபது நாள் அவகாசம் தந்த 1908-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம், தூக்குத் தண்டனைக்கு ஏழே நாள் தந்தது. அது கொடுமையாகத் தோன்றினாலும், தீர்ப்பின் நகல் பெறும் காலம் அந்தக் கணக்கில் சேரவில்லை. அப்பீல் இல்லாவிடினும் தூக்குத் தண்டனை ஹைகோர்ட்டின் உறுதிப்பாடு பெற்றே தீரவேண்டியிருந்தது. ஹைகோர்ட் செஷன்ஸில் ஜூரி முன் தண்டிக்கப்பட்டவனுக்கோ, நீதிபதி தாமாகவே ஒரு சட்டப் பிரச்சினையை ஒதுக்கி வைத்தாலொழிய, அல்லது அட்வகேட் ஜெனரல் சான்றளித்தாலொழிய, வேறு கதியிருக்கவில்லை.

ஜூரிகளின் முடிவில் கைவைக்கலாகாது என்ற இந்தக் கொள்கை எந்த இங்கிலாந்திலிருந்து வந்ததோ, அந்த இங்கிலாந்தே அதை அதற்குள் கைவிட்டுவிட்டது. அடால்ப் பெக் என்பவர், பெண்களை ஏமாற்றிய வேறொருவனாக அடையாளம் காட்டப்பட்டு 1896-இலும் 1904-இலும் குற்றவாளியென முடிவு செய்யப்பட்டதும், உண்மைக் குற்றவாளி பின்னர் அகப்பட்டதும் பெருங் கிளர்ச்சியை விளைவிக்க, 1907-இல் அங்கே குற்ற அப்பீல் கோர்ட் ஏற்படச் சட்டம் பிறந்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களின் கைதிகள் அதற்கப்பால் முப்பத்தாறு வருஷம் காத்திருந்தனர். இதை அசிரத்தை என்பதா, அந்நிய ஆட்சியின் சௌகரியம் என்பதா? இரண்டும் கலந்தே இருந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

1943-ஆம் வருஷத்துத் திருத்தம் 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 411-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது; ஹைகோர்ட் செஷன்ஸின் தண்டனைக்கும் அதே ஹைகோர்ட்டின் வேறு நீதிபதிகளிடம் அப்பீல் செய்ய வழி பிறந்தது. அதன் பலனை நாடறியச் செய்தது லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்துண்டு இறந்த அந்தப் பத்திரிகாசிரியரின் கொலையில் சம்பந்தப்படுத்தப்பட்டு, திரைப்பட நடிகர்களான எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றனர். ஹைகோர்ட்டில் அவர்களுடைய அப்பீல் தள்ளுபடியாயிற்று. குற்ற வழக்குகளில் தலையிடுவதில்லை என்பதையே பொது வழக்கமாகக் கொண்டிருந்த லண்டன் பிரிவி கௌன்சில், 1947-இல் அப்பீலை மறுபடியும் கேட்கும்படி ஹைகோர்ட்டுக்கே திருப்பியனுப்பியது. அவ்வருஷம் ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். அதே வழக்கு சில வருஷங்களுக்கு முன் நிகழ்ந்திருந்தால், ஜூரிகளின் சொல்லோடு சாட்சிய விசாரம் முடிந்துபோயிருக்கும். லண்டன் வரை செல்வதற்கு முன்படியே அவர்களுக்குக் கிட்டியிராது.