ஜீப்பின் பின் இருசும் ஒரு கோணமானியும்

எங்க சாளையில நிக்கிற பழைய ஜீப்புக்கு அடியில படுத்துப் பார்த்தா, பின் ஹவுசிங் குழாயில ரெண்டு வெல்டிங் தழும்பு தெரியும். ஒன்னு வெட்டி அரைச்சு எடுத்தது. இன்னொன்னு இப்போ பட்டையைத் தாங்கி நிக்கிற பேட். ரெண்டுக்கும் நடுவுல ஒரு விரக்கடை கூட இருக்காது. அந்த ஒரு விரக்கடையில எங்கப்பாவும் அம்மாவும் திம்பம் மலையில உருண்டிருப்பாங்க.

மாட்டு வண்டியில இந்த வம்பே இல்லை. இருசு பாரத்தைத் தாங்கும், இழுக்கிறது மாடு. மோட்டார் வண்டியில இருசே வண்டியைத் தள்ளணும். எஞ்சின் சேசிஸ்ல அசையாம நிக்குது, இருசோ குண்டு குழிக்கெல்லாம் ஏறி இறங்குது. நடுவுல போற ஷாப்ட் மடங்கிக்கிட்டே சுத்தணும். அதுக்குத்தான் ரெண்டு முனையிலும் கிராஸ். லண்டன்ல ராபர்ட் ஹூக் 1676-லேயே இந்த மூட்டைப் பத்தி எழுதிட்டார், ஆனா அது வானத்தைப் பார்க்கிற கருவிக்காக. மோட்டாருக்கு அதை உறுதியாச் செஞ்சு கொடுத்தவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். அமெரிக்காவுல இல்லினாய் மாகாணத்துப் பால்பண்ணைக் குடும்பத்துப் பையன். கார்னெல் பல்கலைக்கழகத்துல படிச்சவர், 1903-ல காப்புரிமை வாங்கி, 1904-ல பட்டறை போட்டார். அதுவரைக்கும் பல கார்கள் சைக்கிள் மாதிரி செயின்லதான் ஓடிச்சு.

கிராசுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மடங்கின நிலையில ஒரே வேகத்துல சுத்தாது. 10 டிகிரி மடங்கியிருந்தா, இந்தப் பக்கம் நிமிஷத்துக்கு 1000 சுத்து வரும்போது, அந்தப் பக்கம் 985-க்கும் 1015-க்கும் நடுவுல ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தடவை ஏறி இறங்கும். 20 டிகிரின்னா 940-க்கும் 1064-க்கும் நடுவுல. ரெண்டு கிராசும் ஒரே அளவு மடங்கியிருந்தா, முன்னது செய்யிற தப்பைப் பின்னது சரிக்கட்டிடும். அளவு மாறினா சரிக்கட்டாது, உதறும்.

ஃபோர்டு கம்பெனி டி மாடல்ல ஷாப்டை ஒரு குழாய்க்குள்ள அடைச்சு, முன்னாடி மட்டும் ஒரு மூட்டு வச்சுது. 1948 வரைக்கும் அவங்க கார்ல அதே ஏற்பாடுதான். ஆனா 1940-ல அமெரிக்கப் பட்டாளத்துக்கு ஜீப் உருவாகறப்ப திறந்த ஷாப்ட், ரெண்டு கிராஸ், தள்ளுறதுக்கும் தாங்குறதுக்கும் பட்டையே போதும்னு முடிவாச்சு. எடை கம்மி, ரிப்பேர் சுலபம். இருசும் ஸ்பைசர் கம்பெனியோடதுதான். பினியன் மூக்கு எவ்வளவு சாயணும்ங்கறதைப் பேடை வெல்ட் பண்ணும்போதே கம்பெனியில தீர்த்துட்டாங்க. மகிந்திரா பூட்டி வித்த ஜீப்பும் அந்த வழிதான்.

வம்பை இழுத்தது நாமதான். பெட்ரோல் கட்டுப்படியாகாம ஆளாளுக்கு டீசல் எஞ்சின் ஏத்தினாங்க. பழைய ஜீப்போட பல் கணக்கு 5.38. மெதுவாச் சுத்துற டீசலுக்கு அது ஆகாது, வண்டி கத்துமே தவிர ஓடாது. அதனால வேற ஹவுசிங் தேடி மாட்டுவாங்க. பட்டை உட்காரும் இடம் பொருந்தாது. பழைய பேடை வெட்டிட்டுப் புதுசு வைக்கணும்.

எங்கப்பாவும் 1994-ல அப்படித்தான் செஞ்சார். பட்டறையில ஜீப்பை ஜாக்கில தூக்கி, பட்டை தொங்கற நிலையிலேயே பினியன் மூக்கை நேரா கியர்பாக்ஸைப் பார்த்துத் திருப்பி, பேடை வெல்ட் அடிச்சுட்டாங்க. பார்க்கிறதுக்கு அம்புட்டு நேரா இருந்துச்சு. வண்டி தரையில இறங்கிப் பாரம் ஏறினதும் பட்டை அமுங்கிச்சு, மூக்கு மட்டும் தூக்கியே நின்னுச்சு. நாப்பதுல போனா சீட்டு அதிரும். “டீசல் வண்டின்னா அப்படித்தானுங்க”ன்னாங்க.

சத்தியில உர மூட்டை ஏத்திக்கிட்டுத் திம்பம் ஏறும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் மேல பின் கிராஸ் தெறிச்சு ஷாப்ட் கழண்டுடுச்சு. அப்பா கை பிரேக்கை இழுத்தார். நிக்கலை. அந்த ஜீப்புல கை பிரேக் டிரம் சக்கரத்துல கிடையாது, ஷாப்டோட முன் முனையிலதான். ஷாப்டே இல்லாதப்ப எதைப் பிடிக்கும்? கால் பிரேக்கை அப்பா மிதிச்சுக்கிட்டே இருக்க, அம்மா குதிச்சு ஓடிக் கல்லெடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாங்க.

அப்புறம் சரி பண்ணினவர் மிலிட்டரி ஒர்க்‌ஷாப்புல வேலை பார்த்துட்டு வந்த ஒரு ஃபிட்டர் மாமா. அடியில படுத்துப் பார்த்துட்டு, “மூக்கு மானத்தைப் பார்க்குது மாப்ள”ன்னார். சிமெண்டுத் தளத்துல நாலு சக்கரத்தையும் நிறுத்தி, பின்னாடி ஏழெட்டு மூட்டை ஏத்தச் சொன்னார். என் ஜாமெட்ரி பாக்ஸ்ல இருந்த கோணமானியில நூலைக் கட்டி, நூல்ல ஒரு நட்டைத் தொங்கவிட்டார். கியர்பாக்ஸ் பிளாஞ்ச் பின்பக்கமா 5 டிகிரி கீழ சாஞ்சிருந்துச்சு. கணக்குப்படி பினியன் மூக்கு 5 டிகிரி மேல பார்க்கணும். அவர் 3-ல நிறுத்தினார். ஏன் மாமான்னு கேட்டேன். “ஏத்தத்துல முக்கும்போது சக்கரம் ஒரு பக்கம் சுத்தினா ஹவுசிங் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும் கண்ணு. மூக்கு தானா எழும்பும். அதுக்கு இடம் வுடோணும்”னார்.

முதல்ல நாலு புள்ளி மட்டும் பத்த வச்சுட்டு, மறுபடி நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தார். அப்புறம் ஹவுசிங்கைக் கழட்டி, ஆக்ஸில், பேரிங், ஆயில் சீல் எல்லாத்தையும் உருவிட்டு, ஒரு இஞ்ச் இந்தப் பக்கம், ஆறினதும் ஒரு இஞ்ச் அந்தப் பக்கம்னு வெல்ட் அடிச்சார். ஒரே இழுப்புல அடிச்சா குழாய் சூட்டுல வளைஞ்சுடுமாம். வார்ப்பு இரும்பு உருண்டைப் பக்கம் ராடைக் கொண்டு போகவே இல்லை. ஒரு பகல் பூராவும் ஆச்சு. அப்பா மூனு தடவை டீ வாங்கிட்டு வந்து, மூனு தடவையும் “இன்னும் முடியலீங்களா”ன்னு கேட்டார்.

போன மாசம் கிராஸ் மாத்தறப்ப என் பொண்ணோட கோணமானியை வாங்கி வச்சுப் பார்த்தேன். 3 டிகிரி அப்படியேதான் இருக்குது. நூல்ல கட்டுறதுக்கு நட்டு தேடினப்பதான், அம்மா அந்த முட்டுக்கல்லை இன்னும் சீட்டுக்கு அடியிலேயே வச்சிருக்கிறது தெரிஞ்சுது.