கொறங்காடு: காங்கேயம் காளையை வளர்த்த புல்லின் கதை

காங்கேயம் என்றதும் எல்லோருக்கும் காளைதான் நினைவுக்கு வரும். திமில், கொம்பு, நிமிர்ந்த நடை... 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடே தெருவுக்கு வந்தபோது அந்தக் காளையின் படம் எல்லா இடத்திலும் இருந்தது. ஆனால் அந்தக் காளை எதைத் தின்று அப்படி வளர்ந்தது என்ற கேள்வியை அதிகம் பேர் கேட்கவில்லை. அதற்கான பதில்தான் கொறங்காடு.

கொறங்காடு என்பது பெயரில்தான் காடு. உண்மையில் அது விவசாயியின் சொந்த மேய்ச்சல் நிலம். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் இன்றும் இதைப் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் பூமி இது. ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். மண்ணோ சரளையும் சுண்ணாம்புக் கல்லும் கலந்தது. இங்கே சோளம் விதைத்து மழை ஏமாற்றினால் விதையும் போச்சு, உழைப்பும் போச்சு. புல் அப்படியல்ல. காய்ந்து கருகியது போலக் கிடந்தாலும் வேர் உயிரோடு இருந்தால் ஒரு மழைக்கே துளிர்த்துவிடும். இதைப் புரிந்துகொண்ட முன்னோர்கள் புல்லையே ஒரு பயிராக வைத்துக்கொண்டார்கள்.

கொறங்காட்டில் மூன்று விஷயங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. முதலாவது கொழுக்கட்டைப் புல். வறட்சியைத் தாங்கும், பல ஆண்டுகள் உயிர் வாழும். இதனோடு செப்பு நெருஞ்சி, நரிப்பயறு போன்ற செடிகளும் கலந்து வளரும். இவை பயறு வகையைச் சேர்ந்தவை என்பதால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். இரண்டாவது வெள்வேல மரம். வெயிலில் மாட்டுக்கு நிழல் தரும். புல் காய்ந்துபோன கோடையில் இதன் காய்கள்தான் ஆடு மாடுகளுக்குத் தீனி. தின்ற காயின் விதை சாணத்தோடு விழுந்து புது மரமாக முளைக்கும். மூன்றாவது கிளுவை வேலி. மழைக்காலத்தில் கிளுவைப் போத்துகளை வரிசையாக நட்டு வளர்க்கும் உயிர்வேலி இது. இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் பாதைக்குக் கொங்கு நாட்டில் இட்டேரி என்று பெயர்.

இந்த வேலிதான் முக்கியமானது. வேலி இருந்தால்தான் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்க முடியும். ஒரு துண்டில் மேய்க்கும்போது இன்னொன்றை அடைத்து வைக்க முடியும். மழை பெய்து புல் துளிர்த்தவுடன் மாட்டை உள்ளே விடக்கூடாது, புல் வளர்ந்து கதிர் விட வேண்டும், கொஞ்சம் விதை கீழே விழ வேண்டும், அதன் பிறகுதான் கடவைத் திறக்க வேண்டும் என்பது நடைமுறை. மாடு, எருமை, செம்மறி மூன்றுமே மேயும். மாடு உயரமான புல்லை நாக்கால் சுருட்டி இழுக்கும், செம்மறி தரையோடு கடிக்கும் என்பதால் ஒன்று விட்டதை இன்னொன்று தின்னும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தை உழுது தானியம் விதைத்து மறுபடியும் புல்லுக்கே விட்டுவிடுவதும் உண்டு.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மண்ணுக்குக் கீழே இருக்கும் வேர் மூலதனம். மேலே தெரியும் இலை வட்டி. மாடு இலையைக் கடித்தவுடன் புல் தன் வேரிலும் அடித்தண்டிலும் சேமித்து வைத்ததை எடுத்துத்தான் புது இலை விடுகிறது. அந்த இலை வளர்ந்து வெயிலில் உணவு தயாரித்தால்தான் எடுத்த கடன் அடையும். அதற்குள் மறுபடியும் கடித்தால்? சேமிப்பு குறையும், வேர் சுருங்கும். இப்படியே திரும்பத் திரும்ப நடந்தால் புல் செத்துப்போகும். மேய்ச்சல் மேலாண்மை என்று புத்தகங்கள் சொல்வதெல்லாம் வட்டியை மட்டும் தின்று முதலை விட்டுவைப்பதுதான்.

பிரான்சின் நார்மண்டியில் பண்ணை வைத்திருந்த ஆந்திரே வாய்சன் 1957-ல் புல்லின் உற்பத்தித்திறன் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நிலத்தைப் பிரித்து மேய்க்க வேண்டும், மேய்ந்த புல்லுக்கு மீண்டு வருமளவு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். இன்று உலகம் முழுவதும் பண்ணைகளில் பேசப்படும் சுழற்சி மேய்ச்சலுக்கு அவர் ஒரு முன்னோடி. கிளுவை வேலிக்குள் கொங்கு விவசாயி செய்ததும் கிட்டத்தட்ட இதேதான். என்ன, அவர் அதைப் புத்தகமாக எழுதவில்லை!

சரி, ரகசியம் கொழுக்கட்டைப் புல்லில்தான் இருக்கிறதா? இல்லை. இதே இனத்துப் புல்லை அமெரிக்காவின் அரிசோனாவுக்கு 20-ஆம் நூற்றாண்டில் மாட்டுத் தீவனத்துக்காகவும் மண் அரிப்பைத் தடுக்கவும் கொண்டுபோனார்கள். அது பாலைவனத்தில் பரவி, காய்ந்து, தீப்பிடித்து, தீயே அறியாத பெரிய கள்ளிகளை எரிக்கிறது. அங்கே இப்போது அது களை. புல் ஒன்றுதான். அதைச் சுற்றியிருந்த வேலியும் மாடும் நடைமுறையும்தான் அங்கே இல்லை.

இவ்வளவு நல்ல ஏற்பாடு ஏன் தேய்ந்தது? இங்கேதான் கணக்கு வருகிறது. கொறங்காட்டின் வருமானம் புல் அல்ல, காளை. ஒரு காலத்தில் கொங்கு நாட்டின் ஆழமான கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுக்கக் கவலை ஓட்ட வேண்டும். இரண்டு காளைகள் சரிவில் இறங்கி இழுத்தால்தான் தண்ணீர் மேலே வரும். ஏருக்கும் காளை, பாரவண்டிக்கும் காளை. கண்ணபுரம், அந்தியூர் சந்தைகளில் நல்ல ஜோடிக்கு நல்ல விலை. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் மந்தை இந்த இனத்தின் உயர்ந்த மந்தையாகப் பெயர் பெற்றது. 1953-ல் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் வெளியிட்ட இந்திய, பாகிஸ்தான் மாட்டினங்கள் பற்றிய நூலிலும் காங்கேயம் இனம் இடம்பெற்றது.

1932-ல் பைக்காரா மின்நிலையம் வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வந்து கவலை நின்றது. பிறகு லாரி வந்தது, டிராக்டர் வந்தது. 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியதும் மாடு என்றால் பால் என்று ஆனது. காங்கேயம் பசு பால் குறைவாகத் தரும் இனம். அதிகப் பால் தரும் கலப்பினப் பசுவுக்கோ தொழுவத்தில் பசுந்தீவனமும் அடர்தீவனமும் வேண்டும். சரளை மண்ணில் காய்ந்த புல்லை நடந்து மேய்வது அதற்குக் கட்டாது. காளைக்கு வேலை போனதும் புல்லுக்கு விலை போனது.

அடுத்தது நிலம். வீட்டுமனை, ஆலை, காற்றாலை என்று ஏக்கர் விலை ஏறியபோது, கொறங்காடு பார்ப்பவர் கண்ணுக்குச் சும்மா கிடக்கும் நிலமாகத்தான் தெரிந்தது. பல இடங்களில் உரிமையாளர் வேறு தொழிலுக்குப் போய்விட, நிலம் குத்தகைக்கு விடப்படுகிறது. ஒரு வருடத்துக்கு மட்டும் எடுத்தவருக்கு அடுத்த வருட வேரைப் பற்றி என்ன அக்கறை இருக்க முடியும்? கொடுத்த பணத்துக்கு ஒட்ட மேய்ப்பதுதான் அவருக்கு லாபம். 1968-ல் காரெட் ஹார்டின் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பொது மேய்ச்சல் நிலம் பலர் பங்கு போடுவதால் அழியும் என்றது. கொறங்காடு பொது நிலம் அல்ல, பட்டா நிலம். பட்டா மட்டும் புல்லைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இது உதாரணம். அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கப் போகிறவர் ஒருவர் வேண்டும்.

2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. காளைக்கு மரியாதை கிடைத்தது, மகிழ்ச்சிதான். காங்கேயம் அருகே குட்டப்பாளையத்தில் கார்த்திகேய சிவசேனாபதி தொடங்கிய ஆராய்ச்சி அமைப்பு, மாட்டோடு சேர்த்துக் கொறங்காட்டைப் பற்றியும் பேசி வருகிறது. ஆனால் வாடிவாசலுக்கு வேண்டியது காளைகள் மட்டும்தான். ஒரு இனம் பிழைக்க வேண்டுமானால் பசுக்கள் மேய வேண்டும், கன்றுகள் ஓட வேண்டும், அதற்கு ஏக்கர் கணக்கில் புல் வேண்டும்.

ஒரு கொறங்காட்டை விற்றால் பணம் ஒரே நாளில் வந்துவிடும். கிளுவைப் போத்து வேர்பிடித்து ஆடு நுழையாத வேலியாக அடர்வதற்கும், வெள்வேலம் நிழல் தருவதற்கும் எத்தனை மழைக்காலங்கள் ஆகும்? விற்பனைப் பத்திரத்தில் அதற்கென்று ஒரு வரி கிடையாது. விற்பதற்கு முன் அந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.