தொழுகைக்கு வேண்டியது கட்டடமல்ல, ஆட்கள்

வடக்கிலும் கிழக்கிலும் வாழும் தமிழருக்குப் பாங்கோசை பழக்கமானது. ஆனால் அந்த ஓசைக்குப் பின் பள்ளிவாசலுக்குள் என்ன நடக்கிறது, அது ஒரு முஸ்லிம் ஊரை எவ்வாறு கட்டி வைத்திருக்கிறது என்பது அயலிலேயே வாழ்ந்தும் எம்மில் பலருக்குத் தெரியாது. 1990 இல் நடந்தவற்றின் கனத்தை விளங்கிக்கொள்ள இதைத் தெரிந்திருப்பது அவசியம்.

வழிபாட்டை இஸ்லாத்தில் இபாதத் என்பர். நோன்பும் ஸகாத்தும் ஹஜ்ஜும் இபாதத்தே. எனினும் நாளாந்த வாழ்வுக்கு ஒழுங்கு தருவது தொழுகை. சுபஹ், லுஹர், அஸர், மஃரிப், இஷா என ஐந்து வேளைகள். கட்டாயமான றக்அத்துகள் மொத்தம் 17. ஒவ்வொரு றக்அத்திலும் நிற்றல், குனிதல், நெற்றி நிலத்தில் பட இருமுறை சுஜூது செய்தல் என்பன உண்டு. இதற்குப் பூசகர் வேண்டியதில்லை. கட்டடமும் வேண்டியதில்லை. தண்ணீர் கிடைக்காவிட்டால் சுத்தமான மண்ணால் தயம்மும் செய்துகொள்ளலாம். நோயாளி இருந்தோ படுத்தோ தொழலாம். தூரப் பயணம் போகிறவர் நான்கு றக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். போர்க்களத்தில் ஒரு பகுதியினர் காவல் நிற்க மறுபகுதியினர் தொழும் முறையைக்கூடக் குர்ஆனின் நான்காம் அத்தியாயம் சொல்கிறது. ஊரை இழந்தவரும் கொட்டிலுக்குள் தொழலாம்.

ஆனாலும் கூட்டாகத் தொழுவதற்கே சிறப்பு அதிகம். வரிசையில் யாருக்கும் ஒதுக்கிய இடமில்லை. முந்தி வந்தவர் முன்வரிசையில் நிற்பார். முதலாளிக்கும் மூட்டை சுமப்பவருக்கும் தோள் முட்டும். இஸ்லாத்தின் முதல் பாங்கைச் சொன்னவர் அபிசீனிய வம்சத்தவரான, அடிமையாயிருந்து விடுவிக்கப்பட்ட பிலால். 1968 இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் நுழையப் போராட வேண்டியிருந்த எம் சமூகத்துக்கு இது சின்ன விடயமாகத் தெரியக்கூடாது. அதற்காக எல்லாம் சமமென்றும் சொல்லிவிட முடியாது. பெண்களில் பெரும்பாலானோர் இன்னும் வீட்டிலேயே தொழுகிறார்கள். தனியிடம் ஒதுக்கிய பள்ளிவாசல்களும் இருக்கின்றன. இயக்கப் பிரிவுகள் ஒரே ஊரைப் பல பள்ளிவாசல்களாகப் பிரித்ததும் உண்டு.

அந்த வரிசையில் நிற்பவரின் முகம் கிப்லாவை நோக்கியிருக்கும். முதுகுக்குப் பின்னால் நடப்பதை அவர் பார்ப்பதில்லை. 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி இரவு காத்தான்குடியில் மீரா ஜும்ஆ பள்ளிவாசலிலும் ஹுஸைனியா பள்ளிவாசலிலும் இஷா தொழுதுகொண்டிருந்தவர்கள் அப்படித்தான் சுடப்பட்டார்கள். சிறுவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். விடுதலைப் புலிகள் மீதே குற்றம் சுமத்தப்பட்டது, அவர்கள் மறுத்தனர். சுவரில் சன்னம் பாய்ந்த அடையாளங்களை ஊர் இன்றும் அப்படியே வைத்திருக்கிறது. 1995 யூலை 9 இல் நவாலி தேவாலயத்தில் குண்டு விழுந்ததை மறக்காதவர்களுக்கு, ஒரு ஊர் ஏன் அப்படிச் செய்கிறது என்று விளக்கத் தேவையில்லை.

தொழுகையைச் சுற்றியே ஊரின் கொடுக்கல் வாங்கலும் நடக்கிறது. றமழானில் கஞ்சி வாங்கப் பாத்திரத்தோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பெருநாள் தொழுகைக்கு முன் ஆளுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அரிசி ஏழைகளைச் சேர வேண்டும். தேவைக்கு மேல் குறித்த அளவு பணம் ஒரு வருடம் கையிலிருந்தால் அதில் நாற்பதில் ஒரு பங்கு ஸகாத்.

ஊர் முழுவதையும் கடனாளியாக்கும் தொழுகையும் ஒன்றுண்டு. அது ஜனாஸாத் தொழுகை. குனிவதோ சுஜூதோ அதில் இல்லை. நின்றபடி நான்கு தக்பீர். ஒருவர் இறந்தால் குளிப்பாட்டி, கபன் இட்டு, தொழுது, அடக்குவது ஊரின் கடமை. சிலர் செய்தால் எல்லோருக்கும் கடமை தீரும். எவருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். 2020 இல் கொரோனாவால் இறந்தோரின் உடல்களைக் கட்டாயமாக எரிக்க அரசு உத்தரவிட்டபோது இந்தக் கடமைதான் பறிக்கப்பட்டது. பிறந்து 20 நாட்களேயான குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிவரை நடந்தவர்களின் கோரிக்கைகளில் எரிப்பை நிறுத்துவதும் ஒன்று. முஸ்லிம்களும் அதில் சேர்ந்து நடந்தார்கள். அம்மாத இறுதியில் உத்தரவு மாற்றப்பட, மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. அமைச்சரவை மன்னிப்புக் கோர 2024 யூலை வரை சென்றது. உறவுகளின் உடலைக் காணாமலே காத்திருக்கும் எம் தாய்மாருக்கு அந்தக் குடும்பங்களின் வலி அந்நியமானதல்ல.

இனி வெள்ளிக்கிழமை ஜும்ஆ. குத்பா பிரசங்கத்தின் பின் இரண்டு றக்அத். இதைத் தனியே தொழ முடியாது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி அந்த ஊரில் நிரந்தரமாக வாழும் வயதுவந்த ஆண்கள் 40 பேராவது இருக்க வேண்டும். ஹனபி மத்ஹபில் மிகச் சிலர் போதும். ஷாபிஈ சட்டத்தில் ஜும்ஆ என்பது ஊர் ஒன்று இருப்பதற்கான அத்தாட்சி போன்றது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினர். 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். சோனகத் தெருவில் பாங்கு நின்றது. போர் முடிந்தபின் பள்ளிவாசல்கள் திருத்தப்பட்டு, பாங்கோசை மீண்டும் கேட்கிறது. இதைக் காட்டி மீள்குடியேற்றம் முடிந்துவிட்டதாகச் சொல்பவர்கள் உண்டு. திருத்திய கட்டடத்தை எண்ணுவது சுலபம். திரும்ப வந்த பலருக்கு வீடு இடிந்திருந்தது. காணிப் பிரச்சினையும் இருந்தது. பிள்ளைகளின் படிப்பும் புத்தளத்தில் வேரூன்றிவிட்டது. ஆகவே குடும்பத்தை அங்கே விட்டு, ஆண்கள் மட்டும் இங்கு வந்து தொழில் பார்ப்பதும் நடக்கிறது. வெள்ளிக்கிழமை வரிசையில் அவர்கள் தாராளமாக நிற்கலாம். ஆனால் ஷாபிஈ நூல்களின்படி, குடியிருப்பு வேறு ஊரிலுள்ளவர் அந்த நாற்பது பேருக்குள் எண்ணப்படுவதில்லை.